200 ஆம்பியர் ஆசை

பழைய காரின் தரையில் துரு தின்ற ஓட்டை, உள்ளங்கை அகலம். டிங்கரிங் பட்டறையில் கேட்ட கூலியில் ரோஷம் வந்து, நானே வெல்டிங் மிஷின் வாங்கக் கிளம்பினேன். “200 ஆம்பியர் சார்! கேட்டே அடிக்கலாம்” என்றான் கடைப் பையன். கேட் அடிக்கலாம்தான். கார்த் தகரமோ 1 மில்லிமீட்டர் கனம்கூட இல்லை, 2.5 மில்லிமீட்டர் ராடு 60, 70 ஆம்பியராவது கேட்கும். ராடை வைத்தேன். ஓட்டை இரண்டு உள்ளங்கையானது. வீட்டில் கரண்டும் போனது. சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் மட்டும் அணையவில்லை.

“தகரத்துக்கு மிக் மிஷின் சார். 0.8 கம்பி, கேஸ் சிலிண்டர். கோடு இழுக்காம, பொட்டுப் பொட்டா வச்சு ஆறவிடணும்” என்றார் பட்டறை மேஸ்திரி. முகமூடி, கையுறை தனிக் கணக்கு. (முகமூடியில்லாமல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் அரைத்தார்.) கூட்டிப் பார்த்தால் காரின் விலையைத் தொட்டது.

என் 200 ஆம்பியர் இதுவரை ஒட்டியது மொட்டைமாடிக் கதவின் ஒரு கீல். கார் மேஸ்திரியிடம் நிற்கிறது. கூலி ஏறிவிட்டதாம், ஓட்டை பெரிசு.