மூவாயிரத்து அறுநூறு ரூபாய்தான்

வீட்டில் நான் சொன்ன விலை 3,600 ரூபாய். அதில் ஒரு பைசா பொய் கிடையாது. ஜப்பானில் யாரோ ஒருவர் பரணிலிருந்து இறக்கி விற்பனைக்கு வைத்திருந்த ஃபேமிகாம் பெட்டிக்கு 6,000 யென் கேட்டிருந்தார். யென்னுக்கு அறுபது பைசா என்று போட்டால் கணக்குச் சரியாக வரும். மனைவி கேட்டதும் "என்ன விலைங்க?" என்பதை மட்டும்தான். "வீடு வந்து சேர என்ன ஆகும்?" என்று கேட்டிருந்தால், போன் வந்த மாதிரி மொட்டை மாடிக்குப் போயிருப்பேன்.

ஃபேமிகாம் என்றால் விழிப்பவர்களுக்காக: நின்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென்னுக்கு வெளியிட்ட வீடியோ கேம் பெட்டி அது. வெள்ளை உடம்பு, அரக்குச் சிவப்பு ஓரம். தொண்ணூறுகளில் நம் ஊரில் 'டிவி கேம்' என்ற பெயரில் வீட்டுக்கு வீடு ஓடியதெல்லாம் இதன் நகல்களே. எங்கள் தெருவில் இருந்த பெட்டியை யார், எந்த நாட்டில் செய்தார்கள் என்பதற்கு அதன் மேல் ஒரு தடயமும் இருக்காது. கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே ஏழெட்டு ஆட்டம் தேறும். மிச்சமெல்லாம் அதே மரியோதான், வெவ்வேறு இடத்திலிருந்து கிளம்புவார். கான்ட்ராவில் முப்பது உயிர் வாங்கும் பொத்தான் வரிசை மட்டும் பதினாறாம் வாய்ப்பாட்டைவிடச் சுத்தமாகத் தெரியும்.

ஆக, அசலை நான் தொட்டதே இல்லை. நாற்பது தாண்டியதும் அசல்தான் வேண்டும் என்று ஒரு வெறி. இன்னொரு வீட்டுப் பையனின் பால்யத்தைக் காசு கொடுத்துத் தருவிப்பது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். சுங்கத் தீர்வைப் பட்டியலில் பால்யத்துக்குத் தனித் தலைப்பு இல்லை. 9804 என்ற எண்ணின் கீழ், சொந்த உபயோகத்துக்காகத் தபாலிலும் விமானத்திலும் வரும் சாமான்களோடு சாமானாக அதுவும் வந்துவிடும்.

முதல் சிக்கல், ஜப்பானில் விற்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அங்கே ஒரு முகவரி வேண்டும். அதற்கென்றே முகவர் நிறுவனங்கள் இருக்கின்றன. நமக்குப் பதிலாக ஏலம் எடுத்து, நமக்குப் பதிலாகப் பார்சலை வாங்கி, நமக்குப் பதிலாகப் பிரித்துப் பார்த்து, மறுபடி கட்டி அனுப்புவார்கள். பிரித்துப் பார்க்கும் சந்தோஷம் போச்சே என்று நினைத்தால் அதைப் படமெடுத்து அனுப்பத் தனிக் கட்டணம்.

விற்கிறவர்களின் நேர்மை இன்னொரு ரகம். நம் ஊரில் பழைய பைக்குக்கு 'சிங்கிள் ஓனர், சூப்பர் கண்டிஷன்' என்று எழுதிவிட்டுச் சைலன்சரைக் கயிற்றில் கட்டித் தருவோம். அங்கே பின்பக்கத்தில் நகக்கண் அளவு கீறல் என்று வட்டம் போட்டுக் காட்டி மன்னிப்பும் கேட்கிறார்கள். ஹார்ட் ஆஃப் என்ற பழைய சாமான் கடைத் தொடரில் 'ஜங்க்' என்று ஒரு பகுதியே உண்டு. சோதித்துப் பார்க்கவில்லை, திருப்பி வாங்க மாட்டோம், உங்கள் பாடு. அதில் கிடப்பதில் பாதி, கேசட் பின்னைத் துடைத்தாலே ஓடும் என்று சொல்வார்கள். அந்தத் 'துடைத்தாலே ஓடும்' என்ற நம்பிக்கையில்தான் என்னைப் போன்றவர்களின் வங்கிக் கணக்கு ஓடுகிறது.

கணக்கைப் பாருங்கள். பெட்டி 6,000 யென். விற்றவர் வீட்டிலிருந்து முகவர் கிடங்குக்கு வர 1,000. முகவர் கூலி 500. அங்கிருந்து சென்னைக்கு விமானத் தபால் 4,500. மொத்தம் 12,000 யென், அதாவது 7,200 ரூபாய். பெட்டி பாதி, பயணம் பாதி. கூரியரில் போட்டிருந்தால் இன்னும் விசேஷம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோ என்பார்கள். சாமான் எடை அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த எண்ணுக்குத்தான் கூலி. ஜப்பானியர் உடையாமல் இருக்க வேண்டும் என்று பாசத்தோடு சுற்றும் குமிழித்தாளில் இருக்கும் காற்றுக்கு நாம் விமான டிக்கெட் எடுக்க வேண்டும்.

அடுத்தது தீர்வை. பெட்டியின் விலைக்கு மட்டும் வரி என்று நினைப்பவர்கள் பாக்கியசாலிகள். பொருளின் விலையோடு பயணக் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்த மதிப்பின் மேல்தான் வரி. நான் வாங்கிய காலத்தில் அடிப்படைத் தீர்வை 35 விழுக்காடு. அந்தத் தீர்வையின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல மேல்வரி. பொருள், தீர்வை, மேல்வரி மூன்றையும் கூட்டி, அதன் மேல் 28 விழுக்காடு ஜிஎஸ்டி. எல்லாம் சேர்ந்து 77.28 விழுக்காடு. வரிக்கு வரி போட்டு அதற்கும் வரி போட்டாலும் கடைசியில் அந்த .28-ஐக்கூட விடாத நாணயத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பின்னால் அடிப்படைத் தீர்வையைக் குறைத்தார்கள். எனக்குப் பெட்டி வந்து சேர்ந்த பிறகு.

"கிஃப்ட்னு எழுதச் சொல்லிடுங்க" என்று ஆபீஸில் ஒருவர் யோசனை சொன்னார். அந்தக் கதவு 2019 டிசம்பரிலேயே சாத்தியாகிவிட்டது. தபாலிலும் கூரியரிலும் தீர்வை இல்லாமல் பரிசு என்று வருவதற்குத் தடை. இரண்டே விலக்கு: உயிர்காக்கும் மருந்து, ராக்கி. அதிலும் அடைப்புக்குறிக்குள் ஜாக்கிரதையாகச் சொல்லியிருந்தார்கள், ராக்கியோடு சேர்ந்த பரிசுகளுக்கு இது பொருந்தாது என்று. கயிறு வரலாம், கயிற்றில் கட்டி எதுவும் வரக்கூடாது.

பார்சல் வந்த நேரம் நான் குளித்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் குரல் மட்டும் கேட்டது.

"ஜப்பான்லேர்ந்து வந்திருக்கும்மா. டியூட்டி 5,564 ரூபா கட்டணும்."

"வேற யாருதாவது இருக்கும்ணா. நம்ம சாமானே 3,600 தான்."

"பேரு இவர் பேருதாம்மா."

"சாமானைவிட வரி ஜாஸ்தியா வருமாண்ணா?"

"அதெல்லாம் சார் விவரமாச் சொல்வாரும்மா."

சார் அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு நிதானமாகத்தான் குளித்தார்.

பெட்டி கைக்கு வந்தாலும் ஆட முடியாது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அடாப்டரை அப்படியே சொருகினால் நாற்பது வருட வரலாறு புகையாகப் போகும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ரிச்சி தெருவில் 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டி அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ட்ரான்ஸ்ஃபார்மரைத் தூக்க ஆள் வேண்டும். பிறகு டிவி. ஃபேமிகாம் படத்தை அந்தக் கால ஆன்டெனா வழியாகத்தான் அனுப்பும், அதுவும் ஜப்பானின் ஒன்றாம், இரண்டாம் சேனலில். அந்த அலைவரிசையில் நம் ஊரில் எஃப்எம் ரேடியோ ஓடுகிறது. மரியோவைத் தேடிப் போனால் சூரியன் எஃப்எம் பக்கத்து வீட்டுக்காரர்.

தெருமுனை டிவி மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். திறந்து பார்த்தவர் முகத்தில் பழைய சிநேகிதரைக் கண்ட களை. சிப்பிலிருந்தே படத்தை இழுத்து ஏவி வயர் போட்டுத் தருவதாகச் சொன்னார். 400 ரூபாய்.

"எவ்வளவு சார் ஆச்சு, வரவழைக்க?"

சொன்னேன். சால்டரிங் அயனைக் கீழே வைத்துவிட்டார்.

"இதே மாதிரி ஒரு மூட்டை இருந்துச்சு சார் நம்மகிட்ட. இந்தப் போகிக்குத்தான் காயலான் கடைல போட்டேன். முன்னாடியே கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே."

"அதெல்லாம் டூப்ளிகேட்டுங்க. இது ஒரிஜினல்."

"மரியோ ரெண்டுலயும் ஒரே மாதிரிதானே சார் குதிப்பான்?"

திரும்பி வரும்போது மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். 7,200, தீர்வை 5,564, ட்ரான்ஸ்ஃபார்மர், மெக்கானிக், ரிச்சி தெருவுக்குப் போய்வந்த ஆட்டோ. ஏறத்தாழ 14,800 வந்தது. 1983-ல் ஜப்பானிய அப்பாக்கள் யென்னில் எண்ணி வைத்த அதே தொகையை நான் ரூபாயில் வைத்திருக்கிறேன். அவர்களுக்குப் புதுப் பெட்டி கிடைத்தது.

ஆட்டம் நன்றாகவே ஓடுகிறது. அசல் கேசட்டுகள் ஜப்பானில் மலிவுதான், ஆனால் ஒவ்வொன்றும் தன்னைவிட அதிகமான தபால் செலவோடு வரும். ஆகவே பரணில் கிடந்த '9999 இன் 1'-ஐத் துடைத்துச் சொருகினேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இரண்டாவது கண்ட்ரோலரில் ஸ்டார்ட் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி மைக் இருப்பதை என் மகன் கண்டுபிடித்தான். இப்போது அவன் ஆடுவதில்லை, அறிவிப்புச் செய்கிறான்.

அடுத்து 1996-ல் வந்த வெள்ளை நிற சேகா சாட்டர்ன் மேல் கண். "ட்ரான்ஸ்ஃபார்மர்தான் ஏற்கெனவே இருக்கே" என்று வீட்டில் ஆரம்பித்தேன், அது எடுபடவில்லை. இந்த முறை தபாலே வேண்டாம் என்று, டோக்கியோ நிஷி கசாயில் இருக்கும் அத்தை மகனைப் பிடித்தேன். தை மாதம் தங்கை கல்யாணத்துக்கு வருகிறான். பயணியின் பெட்டியில் வரும் சாமானுக்கு ஒரு மதிப்பு வரை தீர்வை கிடையாது. முகவர் இல்லை, காற்றுக் கூலி இல்லை.

"எடுத்துட்டு வரேன் மச்சான், அதுக்கென்ன" என்றான். "எனக்கும் ஒரு சாமான் வேணும். கோயம்புத்தூர் கிரைண்டர் ஒண்ணு. இங்க மிக்ஸில அரைச்சு இட்லி கல்லாட்டம் வருது. டோக்கியோல கரண்டு 50 ஹெர்ட்ஸ்தான், மோட்டார் ஓடிடும். 100 வோல்ட்டை 230 ஆக்குற ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும் தேடணும். உனக்குத்தான் கடை தெரியுமே, ஒண்ணு வாங்கிச் சேத்து அனுப்பிடு."

"போகும்போது நீயே எடுத்துட்டுப் போயேன்டா."

"பெட்டில அம்மா அரிசி, புளி, அப்பளம் எல்லாம் வெப்பாங்க மச்சான். இடமிருக்காது."

கிரைண்டர் பத்துக் கிலோவுக்கு மேல் வரும். ட்ரான்ஸ்ஃபார்மர் தனி. கல்லை மட்டும் ஜப்பானுக்குக் கப்பலில் அனுப்ப முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.