ஒளி வள்ளல்

எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைப்பதே இரவுப் பயணத்தின் தலையாய அறம் என்றுணர்ந்த கார் உரிமையாளர், ஹெட்லைட்டின் 60/55 வாட் எச்4 பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்பை மாட்டுவது போற்றுதற்குரியது. ஹெட்லைட்டுக்கு வேண்டிய மின்னோட்டத்தைப் பேட்டரியிலிருந்து நேரே அனுப்பி, சுவிட்சைச் சூட்டிலிருந்து காக்கும் மின்காந்தப் பெட்டியான ரிலேயைப் பொருத்தச் சொல்லும் எலெக்ட்ரீஷியன் காசு பிடுங்கப் பார்க்கிறார் என்பது வெளிப்படை. மின்னோட்டம் மிகும்போது தானே உருகி வயரைக் காக்கும் ஃபியூஸ் அடிக்கடி போனால், அவ்விடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகுவது நெடுநாள் மரபு. அதன்பின் ஃபியூஸ் போவதே இல்லை, போவது வயர்தான். பம்பருக்கடியில் தாழ்ந்து சாலையைப் பார்க்க வேண்டிய ஃபாக் லைட்டோ, புளியமரத்துக் காக்கைகளுக்கும் பயன்படும்படி மேல்நோக்கித் திருப்பப்படுகிறது. ஒருநாள் நள்ளிரவில் இரண்டு ஹெட்லைட்டும் அணைந்துபோக, பானெட்டைத் திறந்து உருகிய ஹோல்டரைத் தேடுகையில் உரிமையாளருக்கு டார்ச்கூடத் தேவைப்படுவதில்லை. எதிரே வருபவரும் அதே கடையில்தான் பல்பு வாங்கியிருக்கிறார்.