மருந்தாளுநர் சுவரில் இருக்கிறார்

சாயர்புரத்துக்கு ஜி.யு.போப்பைத் தேடி வருகிறவர்கள் உண்டு. மருந்தாளுநரைத் தேடி வந்தவரை நான் பார்த்ததில்லை. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவுபெற்ற மருந்தாளுநர். நம் பக்கத்துக் கடைகள் பலவற்றில் அவர் கண்ணாடி போட்ட சான்றிதழாகச் சுவரில் தொங்குகிறார். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பக்கத்தில் ஊதுபத்தி. கவுண்டரில் நிற்கும் தம்பி பத்தாவது பாஸ்.

“தம்பி, ரெண்டு நாளா காய்ச்சல்” என்றால் போதும். கத்தரிக்கோலை எடுத்து அட்டையில் நாலு மாத்திரை வெட்டுவான். காலாவதித் தேதி அச்சடித்த ஓரம் மட்டும் எப்போதும் கடையிலேயே தங்கிவிடும். கவரில் ‘காலை, ராத்திரி’ என்று பேனாவால் ஒரு கீறல். சீட்டு கேட்டால்? அடுத்த கடைக்குப் போயிருவோம்லா!