பெற்றோலும் பியரும்

கேள்வி: குறைந்த செலவில் எடுத்த ‘மேட் மேக்ஸ்’ போன்ற கும்பல் படத்தை, சிற்றாலைகளில் வடிக்கும் பியர் கையில் இல்லாமல் இரசிக்க முடியுமா? – வாசகர், சாய்ந்தமருது

பதில்: 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்ற பங்கீட்டுக்காகக் கியூஆர் குறியீட்டோடு வரிசையில் நின்ற ஊருக்கு, அந்தப் படம் தலைக்கேறப் பியரும் வேண்டுமா?

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியில் பெற்றோலுக்காக மக்கள் மோதிக்கொண்டதை மனதில் வைத்தே ஜேம்ஸ் மெக்காஸ்லண்ட், மருத்துவரான இயக்குநர் ஜோர்ஜ் மில்லருடன் சேர்ந்து, ‘டிஸ்டோபியா’ எனப்படும், சட்டம் குலைந்த எதிர்காலத்தைச் சித்திரிக்கும் வகையைச் சேர்ந்த ‘மேட் மேக்ஸ்’ படத்தின் திரைக்கதையை எழுதினார். 1979இல் வெளிவந்த அப்படத்தில், பணத் தட்டுப்பாட்டினால் பொலிஸ் பாத்திரங்கள் பெரும்பாலும் உண்மையான தோலுடைக்குப் பதில் வினைல் உடையில் தோன்றின. அந்த வறுமையே படத்தின் உலகை நம்பவைக்கிறது.