வாக்குத்தத்த அட்டையும் ராஜினாமா கடிதமும்

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில், ஆபிரகாம் ஊரைவிட்டுக் கிளம்பிய வசனம். வேலையை விட்டுவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நல்லவேளை, நோவா வசனம் வரவில்லை, மரம் அறுக்கப் போயிருப்பீர்கள்!

இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரே (சி.எஸ்.ஐ.காரர்களும் கேட்கலாம், பாவமில்லை) 1522-ல் இப்படி ஒரு காரியம் செய்தார். மரியன்னையைப் பற்றி வழியில் ஒருவர் சொன்னது பொறுக்கவில்லை. துரத்திப்போய்க் குத்துவதா, விடுவதா? கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்தி, முடிவை அதனிடம் விட்டார். அது அந்த ஆள் போன ஊர்ப்பக்கம் திரும்பாமல் நெடுஞ்சாலையில் நடந்தது. ஓர் உயிர் பிழைத்தது.

பிறகு அவர் எழுதிய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் கழுதைக்கு வேலையில்லை. மனம் சோர்ந்து கிடக்கையில் ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாதே என்கிறார். முன்பின் தெரியாத ஒருவன் இதே சிக்கலோடு வந்தால் என்ன சொல்வாயோ, அதையே நீயும் செய் என்கிறார்.

போன வாரம்தான் அப்ரைசல் முடிந்ததா? அப்படியானால் கடிதம் டிராஃப்டிலேயே இருக்கட்டும். ஜெபியுங்கள், வீட்டில் பால் கணக்கு பார்ப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆபிரகாம் கிளம்பியபோது வயது 75. வீட்டுக்கடன் தவணை ஏதும் பாக்கியில்லை.