கேமரா செட்டிங்ஸ் சம்பந்தமாகச் சமர்ப்பிக்கும் மனு

காவல் நிலையக் கேமராக்களை மேற்பார்வையிடும் மாநிலக் குழு அவர்கள் சமூகத்துக்கு,

மனுதாரர் தமிழ்நாட்டில் வசிப்பவர்; வரி பாக்கி இல்லாதவர்; இதுவரை லாக்கப்பை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர். அந்த நிலை நீடிக்க வேண்டும் என்ற சுயநலத்தில் பணிவுடன் தெரிவிப்பது யாதெனில்:

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதே அதில் இருப்பதால் விவரம் தெரிந்திருக்கும். வாசல், லாக்கப், நடைக்கூடம், ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்புறம் என்று இடத்தைக்கூட நீதிபதிகளே எண்ணிக் கொடுத்தார்கள். படத்தோடு ஒலியும் பதிய வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கழிப்பறைக்கு மட்டும் கேமரா வெளியேதான். மானம் காக்கும் நல்ல விதி. கைதானவர்கள் வழுக்கி விழுந்து கைகால் முறித்துக்கொள்வதும் அந்த ஓர் இடத்தில்தான் என்பதைத் தற்செயல் என்றே மனுதாரர் எடுத்துக்கொள்கிறார்.

கேமரா எங்கே மாட்டப்பட வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. கேமராவுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கவலை. அங்கே செட்டிங்ஸ் என்றொரு பக்கம் உண்டு. அதைத் திறக்க வக்கீல் வேண்டாம், பாஸ்வேர்டு போதும்.

சாத்தான்குளம் காவல் நிலையத்தை நினைவுபடுத்த வேண்டியதில்லை. 2020 ஜூன் 19 அன்று அங்கே அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில், ஹார்டு டிஸ்க்கில் 1 டி.பி. இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங்ஸ் வைக்கப்பட்டிருந்தது என்று குறிப்பிட்டார். கேமராவை யாரும் உடைக்கவில்லை, ஒயரை அறுக்கவில்லை. ஒரு மெனு, ஒரு கிளிக். இத்தனை சுத்தமான வேலையை அரசு அலுவலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

அழிப்பதுகூட முரட்டு வழிதான். அதைவிட நாசூக்கான வழிகள் அதே பக்கத்தில் இருக்கின்றன. பல கேமராக்களில் 'ஸ்ட்ரீம் வகை' என்று ஒரு கட்டம் வரும்: வீடியோ மட்டுமா, வீடியோவும் ஆடியோவுமா? முதலாவதைத் தேர்ந்தால் அலறல் சத்தம் கேட்காது. பிட்ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை பிட் பதியலாம் என்ற அளவு, இன்னும் சுவையானது. படத்தில் எதுவும் அசையாதபோது, படத்தைச் சுருக்கும் என்கோடருக்கு வேலை குறைவு. காலி நாற்காலியும் சுவர்க் கடிகாரமும் பளிச்சென்று தெரியும். நாலைந்து பேர் சேர்ந்து வேகமாக அசைந்தால்தான் அதற்கு பிட் நிறையத் தேவை. உச்சவரம்பைத் தாழ்த்தி வைத்திருந்தால், சரியாக அந்த நேரம் பார்த்துப் படம் சதுரம் சதுரமாகச் சிதறும். ஓங்கியது லத்தியா, ஒட்டடைக்குச்சியா என்று சிபிஐயாலும் சொல்ல முடியாது. மின்வெட்டுக்குப் பின் கேமராவின் கடிகாரம் 1970 ஜனவரி 1-க்கு ஓடிவிட்டாலோ, சம்பவமே இந்த நூற்றாண்டில் நடக்கவில்லை என்று வாதாடலாம்.

இடம் போதாது என்று யாராவது குழுவிடம் சொல்லியிருப்பார்கள். கணக்கு எளிது. வினாடிக்கு 2 மெகாபிட் ஓடும் ஒரு கேமரா ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. சாப்பிடும். 12 கேமரா என்றால் 259 ஜி.பி.; 1 டி.பி. டிஸ்க் நான்காம் நாள் முடிவதற்குள் நிரம்பிவிடும். ஓராண்டுக்கு ஏறக்குறைய 95 டி.பி. வேண்டும். பழைய எச்.264 சுருக்க முறையை விட்டு, 2013-இலேயே வந்துவிட்ட எச்.265-க்கு மாறினால் அதில் கிட்டத்தட்டப் பாதி போதும். அதை ஏற்கும் கேமராக்களில் இதுவும் அதே பக்கத்தில் ஒரு கிளிக்தான். தினமும் அழி என்ற கட்டம் கண்ணில் பட்டவருக்கு இந்தக் கட்டம் படாமல் போனதேன் என்று கேட்டால் அது நீதிமன்ற அவமதிப்பா, துறை அவமதிப்பா என்று மனுதாரருக்குத் தெரியவில்லை.

ஆகவே குழு அவர்கள் புதிய கேமரா வாங்க வேண்டாம், டெண்டர் விட வேண்டாம், திறப்பு விழா வைக்க வேண்டாம். 'இவ்வளாகம் கேமரா கண்காணிப்பில் உள்ளது' என்று நிலைய வாசலில் அறிவிப்பு வைக்கச் சொல்லித் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதன் கீழே, செட்டிங்ஸ் பக்கத்தை மாதம் ஒரு முறை பிரிண்ட் எடுத்து, நிலையப் பொறுப்பு அதிகாரியின் கையெழுத்தோடு ஒட்டும்படி ஆணையிட மனுதாரர் வேண்டுகிறார். ஆடியோ உண்டா, பிட்ரேட் எவ்வளவு, கடிகாரம் என்ன தேதி காட்டுகிறது, பதிவு எத்தனை நாள் தங்கும் என்ற நான்கு வரி போதும்.

நான்காவது வரியில் '1 நாள்' என்றிருந்தால், விசாரணைக்கு வந்தவர் உள்ளே கால் வைப்பதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
மனுதாரர்