கொங்கு மண்டலத்தில் குடியேற ஊர் தேர்தல்: ஓர் அகத்திணை ஆய்வு

சென்னையை விட்டுக் கொங்குப் பக்கம் குடிபோக நினைக்கும் குடும்பம் எந்த ஊரில் வாடகை வீடு பார்ப்பது என்பது பற்றித் தொல்காப்பியர் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. ஆயினும் அவர் வகுத்த முதல், கரு, உரி ஆகிய மூன்றும் இதற்கு அப்படியே பொருந்தும் என்பது என் துணிபு.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். பொள்ளாச்சியை எடுத்துக்கொள்வோம். தை மாதத்து முன்பனியில் வீடு பார்க்க வருகிறவர், தென்னந்தோப்பைக் கண்டு சொக்கிப்போய் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். ஆய்வுமுறையில் இது பெரும்பிழை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் வழிவிடுவதால், தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் புகுந்து நேரே இந்தப் பக்கம்தான் வரும். ஆடியில் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துத் தோப்பில் தேட வேண்டியிருக்கும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பது அழகுக்காக அல்ல.

உரிப்பொருளுக்குக் கோபிச்செட்டிப்பாளையம் தக்க சான்று. கொடிவேரி அணைக்கட்டுப் பாசனத்தில் விளையும் தெளிவான மருதநிலம். எத்தனையோ படங்களில் அந்த வயல்களைப் பார்த்து வளர்ந்த கணவன், குடியேறினால் கோபிதான் என்கிறான். படம் எடுத்தவர்கள் ராத்திரி பத்து மணிக்கு எந்த மருந்துக்கடை திறந்திருக்கும் என்று காட்டவில்லையே என்கிறாள் மனைவி. மருதத்துக்கு உரியது ஊடல் என்பது இங்கே ஐயமற நிறுவப்படுகிறது.

மேட்டுப்பாளையத்தின் குறை வேறு வகை. சென்னையிலிருந்து கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியலில் அங்கே வந்து நிற்கும். ஊட்டி மலை ரயில் புறப்படுவதும் அங்கிருந்துதான். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அந்த ரயிலில் கோடை விடுமுறைக்கு டிக்கெட் கிடைப்பது அரிது. கிடைக்காத உறவினர் அனைவருக்கும் நம் வீடே சத்திரம்.

கருப்பொருளை விரித்தே பேச வேண்டும். பிற்காலத்து நம்பியகப்பொருள் கருப்பொருளைப் பதினான்காக்கியது. அவற்றுள் நீரும் உண்டு. மக்களைப் பிரித்த உயர்ந்தோர், அல்லோர் என்ற இரண்டும் உண்டு. நூலைக் கண்ணால் பார்த்திராத வீட்டுத் தரகருக்கும் இந்த மூன்றும் மனப்பாடம்.

நீரைப் பொறுத்தவரை கோவைக்காரர்கள் சிறுவாணியைத் தவிர வேறெதையும் தண்ணீர் என்று ஒப்புவதில்லை. அணை இருப்பது கேரளத்தில் என்பது அந்தப் பெருமையைச் சற்றும் குறைக்கவில்லை. ஆனால் அதே கோவையில் பில்லூர்த் தண்ணீர் வரும் பகுதிகளும் உண்டு. "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா விடுவாங்க?" என்று கேட்டால் தரகர், "அதெல்லாம் வந்துருமுங்க" என்பார். எண் எதுவும் இல்லாத இந்த விடையை உரையாசிரியர்கள் எவரும் விளக்கவில்லை.

அடுத்து அவர் கேட்பார். "நீங்க எந்தப் பக்கமுங்க?" சென்னை என்றால் போதாது. "அதுக்கு முன்னாலங்க?" சொந்த ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெருவுங்க?" பிறகு, "வெஜ்ஜுங்களா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு 'ங்க' உண்டு, இத்தனை மரியாதையான விசாரணையை நான் வேறெங்கும் கண்டதில்லை. காற்று, நீர், ரயில் என்று நாம் ஊர்களுக்கு மதிப்பெண் போட்டு வைத்திருக்கும் தாள் கையில் இருக்கும்போதே, அவர் நமக்குப் போட்டு முடித்திருப்பார். அதுவரை காலியாக இருந்த வீட்டுக்கு அந்த நிமிடத்தில் ஆள் வந்துவிடும்.

"இப்பத்தானுங்க ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு."